மலை ஏறாத நான்கு வருடங்கள்

மார்கழியில் கல்யாண போட்டோகிராபர்களுக்கு வேலை இருக்காது. முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், கேமராவைத் துடைத்துத் துடைத்து உள்ளே வைப்பதுதான் வேலை. எடமலைப்பட்டி புதூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எங்கள் போட்டோகிராபர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஏற்கெனவே கல்யாணமானவர்களைப் பிடித்துக் கொடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பனிமூட்டத்தில் நிற்க வைத்துப் படம் எடுப்பது. அதற்கு 'விண்டர் கப்பிள் ஷூட்' என்று பெயர் வைத்து, தன்னிடம் கல்யாணப் படம் எடுத்துக்கொண்ட எல்லோருக்கும் போன ஐப்பசிக் கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

எங்கள் கல்யாணத்தைப் படம் எடுத்தவர் அவர்தான். ஆல்பத்தில் எங்கள் இருவர் தலையையும் வெட்டி ஒரு தாமரைப் பூவுக்குள் வைத்திருப்பார். இன்னொரு பக்கத்தில், நாங்கள் கேட்காமலேயே, பின்னால் சுவிட்சர்லாந்து மலை. பட்டுப்புடவையும் மாலையுமாகப் பனிமலை முன்னால் வியர்த்துக்கொண்டு நிற்போம். இந்தத் தை மாதத்தோடு அந்த ஆல்பத்துக்குப் பத்து வயது. "இந்தத் தடவை நிஜ மலை மேடம்" என்று செய்தியின் கீழே எனக்காகத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்.

அந்தச் செய்தி வந்த வாரம்தான் நாங்கள் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தியிருந்தோம். நான்கு வருடமாகக் குழந்தைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வைத்தியம். கடைசித் தடவையும் கரு தங்கவில்லை என்று தெரிந்ததும் டாக்டரம்மாவே, "போதும்மா, உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து ஒரு ஹோட்டலில் ஆளுக்கு ஒரு காபி சொன்னோம். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. ஒரு பொங்கலும் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வடை வேணுமா?" என்று கேட்டார்.

நான் ஒரு தனியார் பள்ளியின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எல்.கே.ஜி. விண்ணப்பங்களைச் சரிபார்த்து அடுக்குவதும் என் வேலைதான். முன்பெல்லாம் அந்தப் பிறந்த தேதிகளைப் பார்க்கும்போது வயிற்றுக்குள் என்னவோ செய்யும். இப்போது ஒன்றும் செய்யவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல நானும் அவ்வப்போது என்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையில்தான் போட்டோகிராபரின் செய்தியை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"மலையா? பாப்போம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை செய்கிறார். நான்கு வருடமாக எந்த மலைக்கும் போவதில்லை. பட்டறை நண்பர்கள் ஊட்டிக்குப் போனபோது லீவு இல்லை என்றார். ஏற்காட்டில் பெரியப்பா மகன் கல்யாணம் வந்தபோது முதுகுவலி என்றார். பழனிக்குக் கூப்பிட்டால் சளி. "தினம் பொன்மலைக்கு மட்டும் டாண்ணு வந்துடுறியேப்பா" என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்களாம். அவரும் சேர்ந்து சிரிப்பாராம். உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குக்கூட ஏறுவதில்லை. நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடி. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் தெற்கே மலைக்கோட்டை தெரியும். அவர் துணி உதறும்போது முதுகைத் தெற்கே காட்டிக்கொண்டு நிற்பார்.

காரணத்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது வருடம் ஆடி மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. அத்தனை வருடம் காத்திருந்து வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அது உறுதியான வாரத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய், நானூறு படிக்குமேல் ஏறி, உச்சிப்பிள்ளையாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். திருச்சிக்காரருக்கு அது மலை ஏறுவது ஆகாது. பரீட்சைக்கு முன்னால், வேலை கிடைத்த பிறகு, சண்டை போட்டு மனசு சரியில்லாதபோது என்று சின்ன வயதிலிருந்து போய்வந்த இடம். மலை என்று பெயர் இருக்கிறதே தவிர, அவருக்கு அது பிள்ளையார் வீடு.

வந்ததும் மண்ணச்சநல்லூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போடாமலேயே எனக்குக் கேட்டது.

"மலை ஏறுனியா? அறிவு கெட்டவனே, மாசமா இருக்குறவ புருசன் மலை ஏறக் கூடாதுடா! கடல்ல கூடக் குளிக்கக் கூடாது. யாருமே உனக்குச் சொல்லலியா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்குள் ஏறிவிட்டார். செவ்வாய்க்கிழமை புத்தூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு மட்டும் தெரிந்தது இதுதான்: சனிக்கிழமை காலையிலேயே, குளிக்கப் போனபோது, துணியில் கறை பார்த்தேன். அவர் ஏறியது ஞாயிற்றுக்கிழமை. சந்தோஷமாக இருக்கும் மனிதரிடம் எதற்குச் சொல்வானேன், சாதாரணமாகக்கூட அப்படி ஆகுமாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவர் வண்டி நிறுத்த இடம் தேடிப் புத்தூரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்கேன் அறையில் நான் தனியாகத்தான் இருந்தேன். டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "வளர்ச்சி நின்னு ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்மா. நீ ஒண்ணும் பண்ணல, யாரும் ஒண்ணும் பண்ணல, சில கரு இப்படித்தான்" என்றார். பிறகு டாக்டரம்மாவை ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "போயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மாமியார் பஸ் பிடித்து வந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் வரும்வரை என் மனசு முழுக்கப் பதில்கள்தான். பப்பாளி சாப்பிடவில்லை, தண்ணீர்க் குடம் தூக்கவில்லை, ஆட்டோவில் போகவில்லை என்று வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் நின்றபடி மகனிடம், "சொன்னேனேடா, அப்பவே சொன்னேனேடா" என்றார். என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொன்னால் அதுதான் உண்மை.

பிறகு சொல்ல எத்தனையோ நாள் இருந்தன. ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள, ஏன் நேற்றே சொல்லவில்லை என்ற கேள்வியும் பெரிதாகிக்கொண்டே போனது. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்தேன். நான்கு வருடம் போய்விட்டது.

போட்டோகிராபரின் செய்தியைப் பார்த்ததும் நான் போட்ட கணக்கு வேறு. இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை, வைத்தியத்தையே நிறுத்தியாகிவிட்டது. அவரை ஒரு தடவை மலை ஏற்றி, ஒன்றும் ஆகாமல் இறக்கிக் கூட்டிவந்துவிட்டால், அந்தப் பாரம் தானாகக் கழன்று விழுந்துவிடும், நானும் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. கோழைத்தனம்தான். போட்டோவில் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது.

"பத்து வருசத்துல நான் உங்ககிட்ட என்ன கேட்டிருக்கேன்?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "சரி. கேட்டுட்ட. போலாம்" என்றார்.

ஒத்துக்கொண்ட பிறகு பட்டறை வேலை மாதிரிச் செய்ய ஆரம்பித்தார். ஒரு நோட்டில் பட்டியல் போட்டார். வாந்தி மாத்திரை, டார்ச், பிளாஸ்க். மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டார். ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தபோது போட்டோகிராபரிடம், "மலைக்குக் கீழயே எங்கயாவது எடுக்க முடியாதா? திண்டுக்கல் தாண்டி நல்ல பச்சையா இருக்குமே" என்று கேட்டார்.

"பனி வேணும் சார். விண்டர்னு பேரு போட்டாச்சு."

"பனியை நீங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்க முடியாதா? சுவிட்சர்லாந்தே போட்டீங்களே."

"அப்ப எனக்கு விவரம் பத்தாது சார்" என்றார் போட்டோகிராபர், நிஜமாகவே வருத்தத்துடன். ஐம்பது வயதுக்காரர். பாஸ்போர்ட் போட்டோவில் ஆரம்பித்து டிரோன் வரைக்கும் வந்திருக்கிறார். எங்கள் வாயை அடைக்க லேப்டாப்பைத் திருப்பி மாதிரிப் படங்களைக் காட்டினார். ஒரே போர்வைக்குள் இரண்டு பேர். ஒரே டம்ளரை நான்கு கைகள் பிடித்திருப்பது. பைன் மரத்துக்கு நடுவில் நெற்றியோடு நெற்றி வைத்துக் கண்ணை மூடி நிற்பது. "இதுதான் மேடம் மெயின் ஷாட். பிரேம் போட்டு ஹால்ல மாட்டுற மாதிரி இருக்கும்" என்றார். படத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் தலையாட்டினேன்.

ஸ்வெட்டர் வாங்குவது பெரிய வேலையாகிவிட்டது. திருச்சியில் ஸ்வெட்டர் என்பது கைக்குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும்தான். தெப்பக்குளம் பக்கம் மழைக்காலத்தில் வந்து கடை போடும் ஸ்வெட்டர்க்காரரிடம் அவருக்கு ஒரு கறுப்பு கோட்டும் எனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டரும் எடுத்தோம். கடைக்காரர் பழக்கதோஷத்தில், "பாப்பாவுக்கு?" என்று கேட்டார். "வேணாம்" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கலர் பொருந்துகிறதா என்று பார்க்கப் போட்டோகிராபர் ஒரு சாயங்காலம் எங்கள் மொட்டைமாடிக்கு வந்தார். மாலை வெயிலில் கோட்டும் ஸ்வெட்டருமாக நின்றோம். பின்னால் ராஜகோபுரம். ஊர் முழுக்க வைகுண்ட ஏகாதசிக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்மாடியில் அப்பளம் எடுத்துக்கொண்டிருந்த மாமி, எடுப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். "லோகமே பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வரது, நீங்க ரெண்டு பேரும் எங்கே கிளம்பறேள்?" என்றார். கொடைக்கானல் என்றதும், "ஜலதோஷம் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு உள்ளே போய்விட்டார்.

"சார், தோள்ல கை போடுங்க" என்றார் போட்டோகிராபர்.

அவர் போட்டார். ஆதார் சென்டரில் ரேகை வைப்பதுபோல் இருந்தது. நான்கு வருடமாக அந்தக் கை என்னைத் தொட்டதெல்லாம் ஹார்மோன் ஊசிக்காகத்தான். தினம் ஒரே நேரத்துக்கு என் வயிற்றைக் கிள்ளிப் பிடித்து, பஞ்சால் துடைத்து, வலிக்காமல் போடக் கற்றுக்கொண்ட கை. தோளில் எங்கே வைப்பது என்று அதற்கு மறந்துபோயிருந்தது. இரண்டு பேர் முகத்திலும் வியர்வை வழிந்தது. "மலையில சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போட்டோகிராபர் கிளம்பினார்.

மாமியாருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி. அவருக்கு ஒரு வழக்கம். நாங்கள் எந்த ஊருக்குப் போவதாகச் சொன்னாலும், "நாள் கீள் தள்ளிப் போயிருக்கா?" என்று முதலில் கேட்டுக்கொள்வார். நான்கு வருடமாக அந்தக் கேள்வியில் ஒரு சின்ன நம்பிக்கை இருக்கும். வைத்தியத்தை நிறுத்தியதை நாங்கள் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அத்தை, கொடைக்கானல் போறோம்."

"ஏம்மா, நாள் கீள்…"

"இல்லை அத்தை. ஆஸ்பத்திரிக்கும் இனிமே போகல. நிறுத்திட்டோம்."

யாரோ பக்கத்தில் முறத்தில் அரிசி புடைப்பது மட்டும் கேட்டது. பிறகு, "குளிரும்மா அங்க. ரெண்டு பேரும் காதை மூடிக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் மேல் எனக்கு எத்தனையோ ஆத்திரம் உண்டு. அன்றைக்கு ஒன்றும் இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரும்போது கையில் ஒரு மெடிக்கல் ஷாப் கவர் இருந்தது. வாந்தி மாத்திரை என்று நினைத்தேன். உள்ளே கர்ப்பம் பார்க்கும் அட்டை இருந்தது.

"எதுக்குங்க இது?"

"ஒண்ணும் இல்ல. ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியா ஏறலாம்."

"டாக்டரே வாய்ப்பில்லைன்னு சொல்லிட்டாங்க."

"சொன்னாங்கதான். இருந்தாலும் பாத்துடேன்ம்மா. எனக்காக."

பாத்ரூமுக்குப் போனேன். அந்த அட்டையோடு நின்ற காலைகள் எத்தனை என்று எனக்குக் கணக்கு கிடையாது. ஒரு கோடு வந்தது. வெளியே கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். விளக்குக்குக் கீழே கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முழுசாக ஐந்து நிமிடம் காத்திருந்தார். இரண்டாவது கோடு வரவில்லை. அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, "சரி, அப்ப போலாம்" என்றார்.

அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. இல்லாத குழந்தைக்கும் தன்னால் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பீரோவைத் திறந்து, சால்வை தேடுவதுபோல் பட்டுப்புடவைகளுக்குக் கீழே கைவிட்டு, அந்த ரிப்போர்ட்டை எடுத்து என் ஹேண்ட்பேக்கில் வைத்தேன். மலை ஏற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்ற என் கணக்கு எவ்வளவு மட்டமானது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டோகிராபரின் காரில் கிளம்பினோம். அவரே ஓட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பின் ஸீட்டில். கோயிலுக்கு வரும் வண்டிகள் எதிரே வரிசையாக வந்தபடி இருந்தன, எங்கள் பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. மணப்பாறை, திண்டுக்கல் எல்லாம் கடந்துபோயின. வத்தலக்குண்டு தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். எதிரே மலை நீலமாக நின்றது. என் வீட்டுக்காரர் அதைப் பார்க்காமல் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோகிராபர் காரின் பின்கதவைத் திறந்துவைத்து டிரோன் பேட்டரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

"என்ன இது?"

"அன்னைக்கு எடுத்த ஸ்கேன். படிங்க."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். நாள் கணக்குப்படி அன்றைக்கு எட்டரை வாரம். ரிப்போர்ட்டில் கருவின் வளர்ச்சி ஏழு வாரம் என்று இருந்தது.

"நீங்க ஏறுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நின்னு போயிருக்குங்க. டாக்டர் அன்னைக்கே எங்கிட்ட சொன்னாங்க. யாரும் ஒண்ணும் பண்ணலன்னு சொன்னாங்க. நான் சனிக்கிழமையே கறை பாத்தேன். நீங்க ஏறுனது ஞாயித்துக்கிழமை."

நான் எப்போதும் வேகமாகப் பேசுகிறவள். இதை மட்டும் விண்ணப்பம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் திருப்பித் தரவில்லை. "கிளம்பலாமா சார்?" என்று போட்டோகிராபர் கூப்பிட்டதும் போய் முன் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மலைப்பாதை முழுவதும் அவருடைய பின்தலையைப் பார்த்தபடி வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. இப்படியே இறங்கித் திருச்சிக்கு வந்து, என்னை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று யோசித்தேன். அப்படிச் செய்தால் அது நியாயம்தான் என்றும் யோசித்தேன். வளைவுகள் ஏற ஏறக் காது அடைத்தது. அது தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

பைன் காட்டில் பனி இறங்கியிருந்தது. போட்டோகிராபருக்கு ஒரே சந்தோஷம். போர்வை படம் எடுத்தார், டம்ளர் படம் எடுத்தார். சொன்னதைச் செய்தோம். என் வீட்டுக்காரரின் கை என் தோளில் இருந்தது, கண் என் மேல் இல்லை. கடைசியாக, "வாங்க சார், மெயின் ஷாட். நெத்தியோட நெத்தி. கண்ணை மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் தள்ளிப் போனார்.

நெற்றியை வைத்தார். ஜில்லென்று இருந்தது. அவர் மூச்சு புகையாக என் முகத்தில் பட்டது.

"ஏன் சொல்லல?" என்றார், உதடு அதிகம் அசையாமல்.

"என் மேல பழி வந்துடும்னு பயந்தேன்."

"நாலு வருசம்."

"ஆமாங்க."

"அப்ப நான் ஏறுனதால இல்ல."

"இல்லங்க. உங்களால இல்ல."

"அப்படியே பேசிட்டே இருங்க சார், சூப்பரா இருக்கு" என்று போட்டோகிராபர் தூரத்திலிருந்து கத்தினார்.

என் வீட்டுக்காரரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. வாய் திறந்து பல் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அவர் சிரிக்கிறார் என்று போட்டோகிராபர் நினைத்துக்கொண்டு, "அதான் சார், அதான்!" என்றபடி எடுத்துக்கொண்டே இருந்தார். நெற்றியை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. என் மூக்கு நுனியில் சூடாகத் தண்ணீர் இறங்கியது. அது என் கண்ணிலிருந்து வந்ததல்ல.

திரும்பி வந்த பிறகு அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேச்சும் அவ்வளவாக இல்லை. மறுநாள் காலையில் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு போனார். பத்து மணிக்கு வந்து, ஒரு விபூதிப் பொட்டலத்தைச் சமையலறை மேடையில் வைத்தார். "படியெல்லாம் அப்படியேதான் இருக்கு" என்றார். சட்டை முதுகில் நனைந்திருந்தது. நான் தோசை வார்த்துக் கொடுத்தேன், சாப்பிட்டார்.

படங்கள் வந்ததும் பிரேம் போட ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் போட்டோகிராபர். நான் போர்வை படத்தைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லி, அந்த நெற்றிப் படத்தைத்தான் பெரிதாகப் போடச் சொன்னார். ஹாலில் டி.வி.க்கு மேலே ஆணி அடித்து அவரே மாட்டினார். பார்க்கிறவர்கள் எல்லோரும், என்ன இப்படிச் சிரிக்கிறார், என்ன ஜோக் சொன்னீங்க என்று என்னைக் கேட்கிறார்கள். நான் தினமும் காபி எடுத்துக்கொண்டு அதன் கீழேதான் நடக்கிறேன்.

பொங்கல் கழிந்து மாமியார் புது அரிசியோடு வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் நின்றார். என் வீட்டுக்காரர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

"எம் புள்ள இப்படிச் சிரிச்சு எத்தனை வருசமாச்சு" என்றார் மாமியார். புடவைத் தலைப்பால் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்தார். "இப்ப ஏறுன மலையை அன்னைக்கு ஏறாம இருந்திருந்தா, இந்நேரம் படத்துல மூணு பேரு நின்னுருப்பீங்க. என்ன பண்றது, அவன் புத்தி."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. மூன்று வாரமாக எல்லாம் தெரிந்த மனிதர். அந்தக் காகிதம் இன்னமும் அவரிடம்தான் இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "ஆமாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

பயம். ஐப்பசியில் ஆஸ்பத்திரியை நிறுத்திய பிறகு முதல் தடவையாக ஒன்று எனக்கு முழுசாக உறைத்தது. அடுப்பை அணைத்தேன். ஹாலுக்கு வந்து மாமியார் பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தை, கொஞ்சம் உக்காருங்க" என்றேன். "அவர் மலை ஏறுனது ஞாயித்துக்கிழமை. எனக்குச் சனிக்கிழமையே தெரியும்."